சாயங்கால அளவு

டேப்பக்கா தன் வாழ்நாளில் ஒருநாள்கூட உடற்பயிற்சி செய்ததில்லை. செய்யாததற்கு அவரிடம் அசைக்க முடியாத காரணம் ஒன்று இருந்தது.

“ஆரம்பிச்சுட்டு நிறுத்துனா அம்புட்டு சதையும் கொழுப்பா மாறிரும்டி. எதுத்த மாடியில வெயிட்டு தூக்குறாய்ங்கள்ல, கல்யாணம் ஆனதும் நிறுத்திருவாய்ங்க. அப்ப வந்து பாரு, கழுத்து எது தோளு எதுன்னு தெரியாது. நானும் என்னைக்காவது ஒருநாள் நிறுத்தத்தான் போறேன். பெறகு எதுக்கு ஆரம்பிக்கணும்?”

இதைச் சொல்லும்போது அவர் தையல் மெஷினுக்கு முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். அங்கே ஒரு ஸ்டூல் இருப்பது தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். கழுத்தில் மஞ்சள் டேப் தொங்கும். குளிக்கும்போதாவது அதைக் கழற்றுவாரா என்று கடைப் பெண்களுக்குள் ஒரு பந்தயமே இருந்தது. விளாங்குடியில் மெயின் ரோட்டை ஒட்டி இருந்த அந்தத் தையல் கடையில் நான் மூன்று வருஷம் வேலை பார்த்தேன். ஹெம்மிங் செய்வது, ஹூக் வைப்பது, பொத்தான் துளைக்குக் காஜா எடுப்பது என் வேலை. தினமும் சமயநல்லூரிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து போனேன். தொண்ணூறுகளின் கடைசி அது. அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கும். தெருவுக்கு அவர் டேப்பக்கா, எனக்கு வெறும் அக்கா.

ஒரு தெருவில் யாருக்குச் சதை போட்டிருக்கிறது என்பது முதலில் டாக்டருக்குத் தெரிவதில்லை, ரவிக்கை தைப்பவருக்குத்தான் தெரியும். போன தீபாவளிக்கு எடுத்த அளவு நோட்டில் இருக்கும். இந்தத் தீபாவளிக்கு டேப் இடுப்பைச் சுற்றி வரும்போது அக்காவின் புருவம் லேசாக ஏறும். அந்தப் புருவத்தைப் பார்த்ததுமே வந்தவர் கலங்கிப்போய், “என்னக்கா செய்ய?” என்பார். அங்கே ஆரம்பமாகும் வைத்தியம். வெயிலில் நடந்தால் இரட்டைப் பலன். ஓடிவிட்டுத் தண்ணீர் குடித்தால் நெஞ்சில் கட்டிக்கொள்ளும். வலிக்காத பயிற்சி கணக்கிலேயே சேராது. இதெல்லாம் அவருக்கு எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. ஒரே ஒருமுறை நான்தான் கேட்டேன்.

“நீங்க ஒரு நா ஓடுனதில்ல, குனிஞ்சதில்ல. எங்களுக்கு மட்டும் இம்புட்டு சொல்றீங்களேக்கா?”

“ரயிலு ஓட்டுறவன் புகை விடணுமாடி?” என்றார்.

அக்கா சௌராஷ்டிரக் குடும்பம். கணவரைத் திட்டும்போது அவர்கள் வீட்டு மொழி வரும், எங்களைத் திட்டும்போது தமிழ் வரும். இரண்டிலும் வேகத்துக்குக் குறைவில்லை. கணவரை நாங்கள் அண்ணே என்று கூப்பிடுவோம். சிம்மக்கல்லில் சாயப்பொடி விற்கும் மொத்தக் கடையில் வேலை பார்த்தார். பரம சாது. அவருக்குத் தொப்பை இருந்தது. அக்காவின் கையெட்டும் தூரத்தில் ஒரு தொப்பை இருந்தால் அதன் கதி என்ன என்று சொல்ல வேண்டியதில்லை.

கொழுப்பு உருகித்தான் வேர்வையாக வருகிறது என்பது அக்காவின் தீர்மானமான கட்சி. ஆகவே அதிகம் வேர்த்தால் அதிகம் உருகும். ஒரு சித்திரை மாதக் காலையில், சேலை உறைகளை ஒட்டித் தைத்த பாலிதீன் சட்டை ஒன்றை அண்ணனுக்கு மாட்டிவிட்டு, அவர் தினமும் நடக்கும் திண்டுக்கல் ரோட்டில் நடந்துவிட்டு வரச் சொன்னார். அண்ணன் நடக்கும்போது புதுச்சேலை நடப்பதுபோலச் சரசரவென்று சத்தம் வந்தது. ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தவரைப் பார்த்துக் கடையே எழுந்து நின்றது. வேட்டியும் பனியனும் ஊதா நிறத்தில் இருந்தன. கழுத்து வழியாக ஊதா ஊதாவாக இறங்கிக்கொண்டிருந்தது.

“பாத்தீங்களாடி, உள்ள இருந்த கெட்டதெல்லாம் எப்படி வருதுன்னு!” என்று அக்கா கைதட்டினார்.

வருஷக்கணக்கில் தோலில் படிந்த சாயப்பொடி அது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அண்ணனுக்கும் தெரியும். அவர் டேப்புக்கு வாகாகக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். இடுப்பைச் சுற்றி டேப் வந்தது. அரை இஞ்ச் குறைவு! அக்கா அன்று எல்லோருக்கும் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தார். சாயங்காலம் சந்தேகத்துக்கு இன்னொருமுறை அளந்தபோது அரை இஞ்ச் பழைய இடத்துக்கே வந்து உட்கார்ந்திருந்தது. நடக்கப் போகிற வழியில் அண்ணன் தினமும் இரண்டு டம்ளர் பருத்திப்பால் குடிப்பதை நான் பஸ் ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறேன். காட்டிக் கொடுக்க மனசு வரவில்லை.

அக்கா கொஞ்சமும் அசரவில்லை. “டேப்பு பொய் சொல்லாது. அளந்த நேரம் தப்பு. சாப்பிட்ட வயித்த அளந்தா அப்படித்தான் காட்டும்” என்றார்.

இந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு அவர் உலகத்தையே சமாளித்துவிடுவார். ஒரு டீச்சருக்கு ரவிக்கைக் கை இறுக்கிப் பிடித்தது. வலது கை மட்டும். எந்த இடத்துக்கு வேலை கொடுக்கிறோமோ அந்த இடத்துக் கொழுப்புதான் கரையும் என்று சொல்லி, தினமும் வலது கையை மட்டும் முந்நூறு தடவை சுழற்றச் சொன்னார் அக்கா. டீச்சர் நேர்மையானவர். பஸ்ஸில்கூடச் சுழற்றினார். கண்டக்டர் இரண்டுமுறை அடி வாங்கி, அந்த சீட்டுப் பக்கமே போகாமல் தள்ளி நின்று டிக்கெட் கொடுக்க ஆரம்பித்தார். ஒரு மாதம் கழித்து அளந்தால் கையின் சுற்றளவு கால் இஞ்ச் ஏறியிருந்தது. டீச்சருக்கு அழுகை வந்துவிட்டது.

“அழாதீக டீச்சர். எறங்குறதுக்கு முன்னாடி எல்லாரும் படிக்கிட்ட வந்து நெருக்கிக்கிட்டு நிப்பாகள்ல, அப்படித்தான். கொழுப்பு எறங்கப் போகுது” என்றார் அக்கா. டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சுழற்றியபடியே வீட்டுக்குப் போனார்.

நான் சிரித்துச் சிரித்தே அந்தக் கடையில் மூன்று வருஷம் ஓட்டினேன். ஆனால் என் விஷயத்தில் சிரிக்க ஒன்றும் இல்லை.

எங்களுக்குச் சொந்தமாக ஒரு பிடி நிலம் கிடையாது. அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவள். அப்பா அடுத்தவர் வயலில் உழுது முதுகு போனவர். மாதச் சம்பளம் என்ற ஒன்றை வாங்கிய ஆள் எங்கள் வீட்டில் அதுவரை கிடையாது. நான் போலீஸ் வேலைக்கு ஆசைப்பட்டேன். எழுத்துப் பரீட்சையில் தேறினேன். பெண் காவலர் தேர்வு நடந்த மைதானத்துக்கு விடியற்காலையில் பஸ்ஸில் நின்றபடி போய், வரிசையில் நின்றபடி காத்திருந்து, மதியச் சாப்பாட்டு வேளை தாண்டி அளவுக் கட்டையின் கீழே நின்றேன்.

“அரை சென்டிமீட்டர் குறைச்சல். அடுத்த ஆள் வாம்மா” என்றார் அளந்தவர். அவ்வளவுதான். நான் எவ்வளவு வேகமாக ஓடுவேன் என்பதை யாரும் பார்க்கவே இல்லை.

மறுநாள் கடையில் இதைச் சொன்னபோது அக்கா மெஷினை நிறுத்தினார். அவர் மெஷினை நிறுத்துவது அபூர்வம்.

“அரை சென்டியா? ஒரு மடிப்பு தைக்கக்கூடக் காணாதேடி அது! அதுக்குப் போயி ஒரு புள்ளைய வேணாங்கிறதா?”

அந்த அரை சென்டிமீட்டரை அவர் தன்னுடைய சொந்த அவமானமாக எடுத்துக்கொண்டார். அடுத்த தேர்வு வரும்போது வயது வரம்பில் எனக்கு மிச்சம் இருக்கப்போவது அந்த ஒரே ஒரு தடவைதான் என்று கேட்டதும், டேப்பைத் திருப்பி சென்டிமீட்டர் பக்கத்தை வெளியே போட்டுக்கொண்டார். அதுவரை இஞ்சிலேயே வாழ்ந்தவர் அவர்.

கடையின் உள்ளறைக்குப் போகும் கதவுக்கு மரநிலை இருந்தது. அதில் போலீஸ் கேட்கும் உயரத்தை அளந்து, துணியில் குறிபோடும் சாக்கட்டியால் ஒரு கோடு கிழித்தார். “இதத் தாண்டுற வரைக்கும் உன்னை விடமாட்டேன்” என்றார். கடை முன்னால் இருந்த தகரக் கூரையின் இரும்புக் குழாயில் நான் காலையில் கால் மணி நேரம், மதியம் கால் மணி நேரம் தொங்க வேண்டும். தொங்கினால் உடம்பு இழுபட்டு நீளும். ரவிக்கை வாங்க வருகிறவர்கள் தலைக்கு மேலே பார்த்து, “அக்கா இருக்காகளாம்மா?” என்று கேட்பார்கள். நான் தொங்கிக்கொண்டே, “உள்ள இருக்காக, போங்க” என்பேன். எதிர் மாடி ஜிம் பையன்கள் பால்கனியில் நின்று சிரித்தார்கள்.

வந்ததும் ஓர் அளவு, கிளம்பும்போது ஓர் அளவு. நிலையில் குட்டிக் கோடுகள் பெருகின. காலைக்கோடு எப்போதும் கொஞ்சம் மேலேயும் மாலைக்கோடு கீழேயும் விழுந்தன. இரண்டுமே பெரிய கோட்டைத் தொடவில்லை.

“காலையில வளந்தது சாயங்காலமே போயிருதேக்கா” என்றேன்.

“படுத்தா முதுகெலும்பு இட்லி மாவு கணக்கா பொங்கும்டி. நின்னா, நடந்தா, பஸ்ஸுல குலுங்குனா அமுங்கிரும்.”

பொத்தான் தைக்க வந்த ஜிம் பையன் ஒருவன், “அப்ப மத்தியானம் தோசை ஊத்திரலாம்க்கா” என்றான். அவன் சட்டைக்குப் பொத்தான் தைக்க அன்று முடியாது என்று சொல்லிவிட்டார் அக்கா.

தேர்வில் உயரம் அளந்த பிறகு ஓட்டமும் நீளம் தாண்டுதலும் குண்டு எறிதலும் உண்டு. முதல் இரண்டுக்கு அக்கா அனுமதி கொடுத்தார். குண்டு எறிதல் என்றதும் முகம் சுருங்கியது. “பொம்பளப் புள்ள வெயிட்டு தூக்குனா மீசை மொளைக்கும். வளர்ற ஒடம்பும் அமுங்கிரும். வேலைக்குச் சேந்த பெறகு எறிஞ்சுக்கலாம்” என்று தடை போட்டுவிட்டார். நான் அவர் மதியம் சாப்பிடப் போகும் நேரமாகப் பார்த்து, கரி போடாத இஸ்திரிப் பெட்டியைத் தோளுக்கு மேல் தூக்கித் தூக்கிப் பழகினேன். ஒருநாள் கையும் பெட்டியுமாக அகப்பட்டேன். அக்கா கத்தவில்லை. சுவரில் தொங்கிய கண்ணாடியை எடுத்து வந்து என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

“பாரு. நெழலாடுது.”

பொய் சொல்லக் கூடாது, ஒரு வாரம் நான் கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து மேலுதட்டைத் தடவிக்கொண்டுதான் திரிந்தேன். பெட்டி தூக்குவதை மட்டும் விடவில்லை.

இரண்டு மாதம் போயிற்று. கோடுகள் இருந்த இடத்திலேயே இருந்தன. எனக்கு மனசு விட்டுப்போயிற்று. சாயங்காலம் கண்மாய்க் கரையில் ஓடுவதை நிறுத்தினேன். ஓடி என்ன ஆகப்போகிறது, வாசலிலேயே பிடித்துத் தள்ளிவிடப் போகிறார்கள் என்று நினைத்தேன். யாரிடமும் இதைச் சொல்லவில்லை. ஒருநாள் அக்கா கேட்காமலேயே வந்து என் முதுகுக்குப் பின்னால் டேப்பை வைத்துப் பார்த்தார்.

“தோளளவு கால் இஞ்ச் குறைஞ்சிருக்குடி உனக்கு” என்றார். “கூனிப்போயிட்ட.” அதற்கு என்ன பயிற்சி என்று அவர் சொல்லவில்லை. சொல்லாதது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

ஆயுத பூஜை வந்தது. கடையைக் கழுவி விடுவது ஒவ்வொரு வருஷமும் எங்கள் வேலை. அந்த வருஷம் அக்கா எங்களைச் சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் தானே கழுவினார். மறுநாள் காலை வந்தபோது நிலை பளபளவென்று இருந்தது. சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார். சாக்கட்டிக் கோடுகள் எல்லாம் போய்விட்டிருந்தன. போலீஸ் கேட்கும் உயரத்துக்கு மட்டும் புதிதாக நீலப் பெயின்டில் அழுத்தமாக ஒரு கோடு போட்டிருந்தார்.

“சாக்கட்டி அழிஞ்சு போயிருதுடி. இது நிக்கும். வா, நில்லு.”

நின்றேன். என் உச்சந்தலையில் அட்டையை வைத்துப் பார்த்தவர் போட்ட சத்தத்தில் எதிர் மாடியில் எடை தூக்கிக்கொண்டிருந்தவன் எட்டிப் பார்த்தான். கோட்டுக்கு மேலே அரை நகத்துக்கு நின்றது என் தலை! சாயங்காலம் பதறிக்கொண்டே மறுபடி நின்றேன். அப்போதும் கோடு என் தலைக்குக் கீழேதான் இருந்தது.

“தொங்கு தொங்குன்னு எத்தன தடவ சொன்னேன்! கேட்டியா?” என்று என் தலையில் குட்டினார். நான் அவரைக் கட்டிப்பிடித்தேன். கை சுற்றி எட்டவில்லை, அது வேறு விஷயம். அன்று பஸ்ஸிலிருந்து இறங்கிய இடத்திலிருந்து வீடு வரைக்கும் ஓடினேன். மறுநாளும் ஓடினேன்.

மறுபடி எழுதிய பரீட்சையிலும் தேறி, மைதானத் தேர்வு நாள் குறித்துக் கடிதம் வந்ததும் அக்கா ஒரு திட்டம் சொன்னார். முதல்நாளே நான் கடைக்குப் பின்னால் இருந்த அவர் வீட்டில் வந்து படுத்துக்கொள்ள வேண்டும். காலையில் விழித்ததும் எழுந்து நிற்கக் கூடாது. படுத்த வாக்கிலேயே என்னை மைதானம்வரை கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள்.

“அதான் வளந்துட்டேனேக்கா. இது எதுக்கு?”

“வளந்ததக் காப்பாத்தணும்ல?” என்றார். அந்தக் குரலில் அவர் பேசினால் மேற்கொண்டு பேச முடியாது.

பல் விளக்கியதுகூடப் படுத்தபடிதான். துணி வெட்டும் மேசைப் பலகையைக் கழற்றி அதில் என்னை உருட்டிவிட்டார்கள். எதிர் மாடி ஜிம் பையன்கள் நான்கு பேர் தோளில் தூக்கி, அண்ணன் சிம்மக்கல்லிலிருந்து கொண்டுவந்திருந்த லோடு ஆட்டோவில் ஏற்றினார்கள். தோசை ஊற்றச் சொன்னவன்தான் தலைமாட்டைப் பிடித்திருந்தான். அன்று அவன் சிரிக்கவில்லை. ரோட்டுப் புழுதி படக் கூடாது என்று வெள்ளை லைனிங் துணியை எடுத்து என்னை உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை போர்த்தினார் அக்கா. அவர் என் தலைமாட்டில் உட்கார்ந்தார். அண்ணன் தோளில் துண்டுடன் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தார். அவருடைய முகம் இயல்பிலேயே இழவு வீட்டு முகம்.

பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. என்னைத் தூக்கிய நால்வருக்கும்கூட.

முதல் டீக்கடையிலேயே பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். நான் துணியின் இழைகள் வழியாகப் பார்த்தேன். ஒருவர் மடித்துக் கட்டிய கைலியை இறக்கிவிட்டார். சைக்கிளில் வந்தவர் இறங்கிக் கும்பிட்டார். ரயில்வே கேட்டில் ஆட்டோ நின்றபோது பூக்கூடையோடு ஒரு அம்மா பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தார்.

“சின்ன வயசு போலயே தாயி… என்ன செஞ்சுச்சு?”

அக்கா மனசு மைதானத்தில் இருந்தது. “அரை சென்டிதாம்மா கொறச்சல்” என்று பெருமூச்சு விட்டார். “வேற ஒரு கொறையும் இல்ல புள்ளைக்கு.”

அந்த அம்மா என்ன புரிந்துகொண்டாரோ, கூடையிலிருந்து இரண்டு முழம் பூவை எடுத்து என் மேல் போட்டுவிட்டுப் போனார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பலகை குலுங்கியது.

“சிரிக்காதடி! அமுங்கிரும்!” என்று அக்கா துணிக்கு மேலேயே வாயைப் பொத்தினார்.

தத்தனேரித் திருப்பத்தில் டிராபிக் போலீஸ்காரர் எங்களைப் பார்த்ததும் எதிரே வந்த பஸ்ஸையெல்லாம் நிறுத்தி, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, சுடுகாட்டுப் பாதையில் போகும்படி மரியாதையாகக் கை காட்டினார். டிரைவர் ஒரு கும்பிடு போட்டுவிட்டு நேரே விட்டார். பின்னாலிருந்து விசில் அலறியது.

“யோவ்! சுடுகாடு இந்தப் பக்கம்யா! எங்கய்யா கொண்டு போறீங்க?”

“போலீஸு செலக்ஷனுக்கு!” என்று அண்ணன் தலையை வெளியே நீட்டிக் கத்தினார். நான் அறிந்து அவர் தெருவில் சத்தம் போட்டுப் பேசியது அன்று ஒருநாள்தான்.

மைதானத்து வாசலுக்கு உள்ளே அக்காவை விடவில்லை. நான் முட்டை மேல் நடப்பதுபோல் நடந்து போனேன். வரிசை நீண்டு கிடந்தது. எனக்கு முன்னால் நூறு பேராவது இருப்பார்கள். போன தடவை போலவே இதுவும் மதியம் ஆகிவிடும். அப்போது கம்பி வேலிக்கு வெளியிலிருந்து குரல் வந்தது.

“நிக்காதடி! படு!”

வேலிக்கு மேலாக வெள்ளை லைனிங் துணி பறந்து வந்து விழுந்தது. வெட்கமாக இருந்தது. ஆனால் அரை சென்டிமீட்டருக்காக ஒருமுறை அழுதவளுக்கு வெட்கம் பெரிதில்லை. விரித்துப் படுத்தேன். சற்று நேரத்தில் ஒரு பெண் இன்ஸ்பெக்டர் வந்து குனிந்தார்.

“ஏம்மா, மயக்கமா?”

“இல்லீங்கம்மா.”

“பெறகு?”

“உயரம் எறங்கிராமப் பாத்துக்கிறேங்கம்மா.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு வேலிப் பக்கம் பார்த்தார். அங்கே கழுத்தில் டேப்போடு நின்ற அக்கா விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார். இன்ஸ்பெக்டர் உதட்டைக் கடித்துக்கொண்டு வேகமாகப் போய்விட்டார். எனக்குப் பின்னால் நின்ற குள்ளமான பெண், “நெசமாவா?” என்று மெல்லக் கேட்டாள். “நெசந்தான்” என்றேன். அவளும் படுத்தாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. இன்ஸ்பெக்டர் திரும்பி வந்தபோது வரிசையில் பாதிப் பேர் மல்லாந்து கிடந்தோம்.

“அய்யய்ய… படுத்திருக்கிற அம்புட்டு பேரையும் மொதல்ல கூப்பிட்டு அளங்கய்யா! ரோட்டுல போறவுக பாத்தா என்ன நெனைப்பாக!” என்று கத்தினார்.

எழுந்த நிமிஷமே அளவுக் கட்டையின் கீழே போய் நின்றேன். பயமில்லாமல் நிமிர்ந்து நின்றேன். அரை நகம் கூடுதலாக இருக்கிறேன் என்று நீலக் கோடு சொல்லியிருந்ததே. கட்டை வந்து தலையில் உட்கார்ந்தது. அளந்தவர் ஒருமுறைக்கு இரண்டுமுறை குனிந்து பார்த்தார்.

“சரியா இருக்கு. ஒரு நூல் கொறஞ்சிருந்தாலும் போயிருக்கும். போம்மா.”

ஒரு நூலா? எனக்குக் குழப்பமாக இருந்தது. ஆட்டோ குலுங்கியதில் மிச்சம் அமுங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அதற்குள் ஓட்டத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். ஓடினேன். தாண்டினேன். இஸ்திரிப் பெட்டி பழகிய கை குண்டை எங்கேயோ கொண்டுபோய்ப் போட்டது. வெளியே வந்து அக்காவிடம் சொன்னேன். அழுதுவிடுவார் என்று நினைத்தேன். என் மேலுதட்டை உற்றுப் பார்த்தார்.

“எதுக்கும் மஞ்சள் தேச்சுக் குளி” என்றார்.

இது நடந்து ஆறேழு வருஷம் கழித்து, காக்கிப் பேன்ட்டில் இடுப்பைப் பிரித்துவிட வேண்டும் என்று கடைக்குப் போனேன். ஆமாம், எனக்கும்தான். கூட வேலை பார்க்கும் பெண்ணும் வந்திருந்தாள். அக்கா என் இடுப்பைச் சுற்றி டேப்பைப் போட்டுப் புருவத்தை ஏற்றி, மெஷினில் உட்கார்ந்தார். நிலையில் நீலக் கோடு அப்படியே இருந்தது. தோழியிடம் அதைக் காட்டிப் பெருமையாகக் கதை சொன்னேன். விபத்து நடந்த இடங்களில் டேப் பிடித்து அளந்து வரைபடம் போட்டுப் பழகிய கை அல்லவா, சும்மா இருக்கவில்லை. மேசையில் கிடந்த இன்னொரு டேப்பை எடுத்துத் தரையிலிருந்து கோடுவரை பிடித்தேன்.

முக்கால் சென்டிமீட்டர் குறைந்தது.

தரை சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன். டேப்பை நீவிவிட்டு மறுபடி அளந்தேன். மூன்றாவது முறையும் அளந்தேன். போலீஸ் கேட்ட உயரத்துக்கு முக்கால் சென்டிமீட்டர் கீழே போட்ட கோடு அது. அப்படியானால் நான் வளரவே இல்லை. தொங்கியதெல்லாம் வீண். ஆயுத பூஜைக்கு எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் தானே ஏன் கழுவினார் என்பதும், வளர்ந்துவிட்ட பெண்ணை ஏன் பிணம்போலத் தூக்கிப் போனார் என்பதும் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கால் இஞ்ச்சுக்கும் அரை இஞ்ச்சுக்குமாக டீச்சரையும் கட்டிய புருஷனையும் பாடாய்ப் படுத்தியவர், டேப் பொய் சொல்லாது என்று தெரு முழுக்கச் சொன்னவர், ஒரே ஒரு தடவை பொய்யாகக் கோடு போட்டிருக்கிறார். எனக்காகப் போட்டிருக்கிறார். தோழி பார்க்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

“அக்கா, கோடு கீழ இருக்கு.”

மெஷின் நிற்கவில்லை. “எம்புட்டு?”

“முக்கா சென்டி.”

மிதித்துக்கொண்டே வாசல் பக்கம் வெளிச்சத்தைப் பார்த்தார். நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

“டேப்பு பொய் சொல்லாதுடி. நீ அளந்த நேரம் தப்பு. இப்ப மணி என்ன?”

“அஞ்சரை.”

“அதான். காலையிலருந்து நின்னுக்கிட்டே இருக்கு அந்த நிலை. சாயங்காலம் எறங்கத்தான செய்யும்? விடிஞ்சதும் வந்து அளந்து பாரு, சரியா இருக்கும்.”

நான் இன்றுவரை விடிந்ததும் போய் அளக்கவில்லை.